மயிலாப்பூர்க் கணிப்பொறிக்கு எழுதிய வாயில்

இதை எழுதிவைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு உண்டு. கீழே சொல்லப்போகும் சிறு நிரலை எழுதியவன் இன்று எந்த நாட்டில் இருக்கிறான் என்று தெரியவில்லை. அதை நாள்தோறும் பயன்படுத்தியவர் மறைந்துவிட்டார். அது பதிந்திருந்த நெகிழ்வட்டில் பூஞ்சை படர்ந்துவிட்டது. படராதிருந்தாலும் அதைப் படித்துக்காட்டும் பொறி என் வீட்டில் இல்லை. எஞ்சியிருப்பது என் நினைவு ஒன்றே. அதுவும் இப்போதெல்லாம் அழைத்தவுடன் வருவதில்லை.

சென்ற வாரம் அடையாறில் பல் மருத்துவரின் காத்திருப்பறையில் அமர்ந்திருந்தேன். கிராம்பெண்ணெயும் கிருமிநாசினியும் கலந்த மணம். பக்கத்து இருக்கையில் ஒருவர் தம் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியைத் திறக்க முயன்றுகொண்டிருந்தார். தொட்டார், வரவில்லை. மீண்டும் தொட்டார். பிறகு மூட்டைப்பூச்சியை நசுக்குபவர்போலக் கட்டைவிரலால் அழுத்தினார். "இன்னா சார் இது, எவ்ளோ தபா அமுக்கினாலும் வர மாட்டேங்குது" என்றார் என்னைப் பார்த்து, நான்தான் அதைச் செய்து விற்றவன் என்பதுபோல. "சற்றுப் பொறுங்கள், வந்துகொண்டிருக்கிறது" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது, அந்தத் தொடரை நான் முதன்முதலில் எழுதியது தொண்ணூறுகளில், தியாகராய நகரில், ஒரு துணிக்கடையின் மாடியில் என்று.

பனகல் பூங்காவுக்கு அப்பால், புடைவைக்கு உள்துணியும் ரவிக்கைத் துணியும் விற்கும் கடை அது. அங்கிருந்து புதுத்துணியின் கஞ்சி மணம் படியேறி வந்து எங்கள் இரண்டு அறைகளிலும் நிறைந்திருக்கும். இன்றும் புதுத்துணியைப் பிரித்து முகர்ந்தால் எனக்குக் கணிப்பொறிதான் நினைவுக்கு வரும். என் மனைவிக்கு இது விளங்குவதே இல்லை. தனிப்பயிற்சிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த என்னை, அந்தச் சிறு நிறுவனத்தின் முதலாளி தம் நிரல்களுக்குத் தமிழில் கையேடு எழுத அமர்த்திக்கொண்டார். அதற்குமுன் நான் கணிப்பொறியைத் தொட்டதில்லை. தொட்டால் கெட்டுவிடும் என்று நம்பியிருந்தேன். கையேடு எழுதுவதற்கு அதுவே தகுதி என்று முதலாளி கருதியிருக்க வேண்டும்.

நிரல் எழுதுபவன் ரஃபி. இராயப்பேட்டையில் மூக்குக்கண்ணாடிச் சட்டங்கள் விற்கும் உருதுக் குடும்பத்துப் பிள்ளை. உட்கார்ந்திருக்கும்போதும் அவனுடைய ஒரு கால் ஓடிக்கொண்டே இருக்கும். மேசை அதிரும், திரை அதிரும், எதிரில் அமர்ந்து எழுதும் என் கையெழுத்தும் அதிரும். "சுட்டியினை உருவத்தின்மீது நிறுத்தி இருமுறை விரைந்து சொடுக்குக" என்று நான் எழுதியதை வாங்கிப் படித்துவிட்டு, "சார், இத படிச்சவன் எலியத் தொடவே பயப்படுவான். டபுள் கிளிக்னு போட்டுட்டுப் போங்க சார்" என்பான். நான் போடமாட்டேன். அவனும் விடமாட்டான். முதலாளி பெரும்பாலும் வெளியிலேயே இருந்ததால் இவ்வழக்குக்குத் தீர்ப்பளிக்க ஆளில்லாமல் போயிற்று.

ஒரு திங்கட்கிழமை மயிலாப்பூரிலிருந்து தொலைபேசி வந்தது. எங்களிடம் பழைய கணிப்பொறி ஒன்றை வாங்கியிருந்த ஜயலக்ஷ்மி அம்மாள் பேசினார். நேரில் வரவேண்டும், உடனே வரவேண்டும் என்றார். ரஃபியும் நானும் அவனுடைய மொபெட்டில் போனோம். அவன் வண்டி ஓட்டுவதும் உட்கார்ந்திருப்பதும் ஒன்றுபோலத்தான். இறங்கிய பிறகும் என் முழங்கால்கள் அதிர்ந்துகொண்டிருந்தன.

வடக்கு மாடவீதியிலிருந்து பிரியும் சந்தில், மூன்று குடித்தனங்கள் கொண்ட வீட்டின் கீழ்ப்பகுதி அவருடையது. ஐம்பதை நெருங்கிய வயது, திருமணம் செய்துகொள்ளாதவர். முடக்குவாதத்தால் இரு கைகளிலும் விரல்கள் உள்நோக்கி மடங்கிப்போயிருந்தன. ஒவ்வொரு கைக்குள்ளும் ஒரு பென்சிலைத் தலைகீழாகச் செருகிக்கொண்டு, அழிப்பான் முனையால் விசைகளைத் தட்டுவார். திருமணப் பத்திரிகை, பூணூல் பத்திரிகை, ஜாதகப் படி, ஆய்வு மாணவர்களின் கட்டுரை என்று அத்தெருவாசிகளுக்கு வேண்டியதெல்லாம் அவரிடம்தான் தட்டெழுதப்பட்டன. மெதுவாக வரும், பிழையில்லாமல் வரும்.

"வாங்கோ. நீங்கதான் அந்தக் கையேட்டை எழுதினவரா?"

ஆமென்று சற்றுப் பெருமிதத்தோடு தலையசைத்தேன்.

"படிச்சேன். ரொம்ப நன்னா இருந்தது. ஒண்ணும் புரியலை."

ரஃபி சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அன்றிலிருந்து அவ்வம்மையார் என்னைப் 'புலவரே' என்றே அழைத்தார். அதைப் பட்டமாகக் கொள்வதா பரிகாசமாகக் கொள்வதா என்று இன்றுவரை நான் முடிவு செய்யவில்லை.

அவருக்கிருந்த தொல்லையை விளக்க, அந்நாளைய திரையைப் பற்றி இரண்டொரு சொல் வேண்டும். நிறுவப்பட்ட ஒவ்வொரு நிரலும் சிறு படமாக நிற்கும். படங்கள் பெட்டிபெட்டியாக அடைபட்டிருக்கும். ஒன்றைத் திறக்க, சுட்டியை அதன்மேல் வைத்து, கை அசையாமல், இருமுறை விரைந்து சொடுக்க வேண்டும். கை அசைந்தால் படம் நகர்ந்துவிடும். தாமதித்தால் இரண்டும் தனித்தனிச் சொடுக்குகள் ஆகிவிடும். விசைப்பலகையால் திறக்கவும் வழியுண்டு. ஆனால் பெட்டிக்குப் பெட்டி தாவ இரண்டு விசைகளை ஒருசேர அழுத்த வேண்டும். அம்மையாரால் இரண்டுமே இயலாது. திறந்து வைத்துவிட்டால் மற்ற வேலையை அவரே பார்த்துக்கொள்வார். திறந்துகொடுக்க விஜயா என்றொரு பெண் வந்துகொண்டிருந்தாள். அவள் திருமணமாகிச் சேலத்துக்குப் போய்விட்டாள்.

"எனக்கு இன்னொருத்தர் விரல் வேண்டாம், புலவரே. காலம்பர இந்த டப்பா முன்னாடி உட்கார்ந்தா நானே திறக்கணும். வர வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை பம்பாயிலேர்ந்து எங்கண்ணா வரான். என்னால முடியலேன்னு தெரிஞ்சா, டப்பாவை வித்துட்டு என்னைக் கூட்டிண்டு போயிடுவான். டிக்கெட் கூட வாங்கியாச்சாம், ரெண்டு பேருக்கும்."

"அங்க போனா இன்னா மாமி? நல்லா பாத்துக்குவாங்க இல்ல?" என்றான் ரஃபி.

"அதாண்டாப்பா பயம். நன்னாப் பார்த்துப்பா. காலம்பர நாற்காலியில உட்கார்த்தி வெச்சு, டீவியைப் போட்டுக் குடுத்து, நன்னாப் பார்த்துப்பா."

ரஃபியின் கால் சற்று நேரம் ஓடாமல் நின்றது. நான் கண்ட சில அரிய தருணங்களுள் அதுவும் ஒன்று.

அவ்வாரமே அவன் தொடங்கினான். திரை முழுவதையும் மறைக்கும் ஒரு நிரல். அதில் பெரிய பெரிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண். அந்த எண்ணின் விசையை ஒருமுறை தட்டினால் உரிய நிரல் திறந்துகொள்ளும். மற்ற நிரல்களைத் திறந்துவிடுவது மட்டுமே தொழிலாகக் கொண்ட நிரல் அது. நான் அதற்கு 'வாயில்' என்று பெயரிட்டேன். ரஃபி 'மெனு' என்றான். எந்தெந்த நிரலைத் திறப்பது என்பதை அதற்குத் தெரிவிக்க ஒரு விளக்கக் கோப்பு உண்டு. ஒவ்வொரு நிரலுக்கும் நான்கு வரிகள்: அதன் பெயர், அது குடியிருக்கும் இடம், அது வேலை செய்யவேண்டிய, கோப்புகள் அடுக்கிய அடைவு, அதன் படம். பெயர் எழுதும் வரி என் பொறுப்பு. பக்கவாக்கம், சோதிடக் கணிப்பு, விசைப்பலகை இயக்கி என்று அழகழகாக எழுதிக் கொடுத்தேன்.

அம்மையார் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் யாரு? எனக்கு இவாளைத் தெரியாதே. எனக்குக் கல்யாணம் வேணும், பூணூல் வேணும், ஜாதகம் வேணும், தீஸிஸ் வேணும். அவ்வளவுதான்."

ரஃபி தலையைச் சொறிந்துகொண்டான். நாங்கள் நிரல்களை விவரித்துக்கொண்டிருந்தோம். அவர் தம் வேலைகளைக் கேட்டார். 'கல்யாணம்' என்று ஒரு நிரல் எந்தக் கணிப்பொறியிலும் கிடையாது. அந்த ஒரு கட்டத்தைத் தட்டினால் முதலில் தமிழ் விசைப்பலகை நிரல் வரவேண்டும். அது காட்டும் வரவேற்புப் பெட்டியை ஒரு விசை தட்டி மூடவேண்டும். பிறகே பக்கம் அமைக்கும் நிரல் வரவேண்டும். அதற்குள் மாதிரிப் பத்திரிகை விரியவேண்டும். வரிசை பிறழ்ந்தால், தமிழ் எழுத்துருவில் தமிழல்லாத ஏதோ ஒன்று விழும். இத்தனையையும் நிரலே செய்யும்படி எழுத வேண்டியதாயிற்று. வரவேற்புப் பெட்டியை மூடும் விசையைக்கூட மனிதர் தட்டுவதுபோல் அதுவே தட்டும். தியாகராய நகரில் ஓட்டிப் பார்த்தோம். வெண்ணெய்போல ஓடியது.

மயிலாப்பூரில் நிறுவிவிட்டு வந்த மறுநாள் காலையே தொலைபேசி.

"புலவரே, உங்க வாயில் திறந்துண்டே இருக்கு. மூட மாட்டேங்கறது."

போய்ப் பார்த்தோம். தட்டியிருக்கிறார், ஒன்றும் வரவில்லை. விசை சரியாகப் படவில்லையோ என்று மறுபடி தட்டியிருக்கிறார், மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு தட்டலையும் பொறி மறவாமல் குறித்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, இடம் போதாமல் திணறி நின்றுவிட்டது.

"இன்னா மாமி, இப்டி அமுக்கிக்கினே இருந்தா அது இன்னாதான் பண்ணும், பாவம்?"

"அது வரதா இல்லையான்னு எனக்கு எப்படிடா தெரியும்? ஒரு வார்த்தை சொல்லப்படாதோ?"

அவர் கேட்டது நியாயம். ஒருமுறை தட்டியதும் கட்டம் மங்கிவிடும்படியும், மறுதட்டலை ஏற்காதபடியும் ரஃபி மாற்றினான். மங்கிய கட்டத்தின்கீழ் ஒரு வரி எழுதும் பணி எனக்குக் கிட்டியது. 'தாங்கள் விழைந்த நிரல் ஆயத்தமாகிறது' என்று எழுதினேன். ரஃபி வாய்விட்டுப் படித்தான். நானே அடித்துவிட்டு, 'வந்துகொண்டிருக்கிறது' என்று மாற்றினேன். நான் எழுதிய கையேடுகள் அனைத்திலும் முதல் வாசிப்பிலேயே பொருள் விளங்கியது அவ்வொரு வரிதான்.

அடுத்த இடர் அதனினும் பெரிது. ஒரு பெண்வீட்டார் பத்திரிகையின் மெய்ப்பு பார்க்க வந்தபோது, மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எந்த மொழியிலும் இல்லாத எழுத்துக்கூட்டம் நின்றது. தட்டும்போது பென்சில் முனையையே பார்த்துத் தட்டுவது அம்மையார் வழக்கம். நிமிர்ந்தபோது பக்கம் முழுவதும் அப்படி. வந்தவர்கள் முகம் சுளித்து, கையெழுத்துப் படியை வாங்கிக்கொண்டு வேறு அச்சகத்துக்குப் போய்விட்டனர். அன்றே அது மாடிக் குடித்தனம் வழியாகப் பம்பாய்க்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாங்கள் சென்றபோது அவர் கடிந்துகொள்ளவில்லை. "என்னால முடியலேன்னு எல்லாரும் சொல்லுவா. நீங்களும் சொல்லிடாதேள்" என்றார். கடிந்துகொண்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

காரணம் தெரிய நெடுநேரம் ஆகவில்லை. தமிழ் விசைப்பலகை நிரலை அழைத்ததும் எங்கள் நிரல் காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. வரவேற்புப் பெட்டியை மூடும் விசையைத் தட்டிவிடுகிறது. ஆனால் பெட்டி இன்னும் வந்தபாடில்லை. தட்டல் காற்றில் போகிறது. பிறகு பெட்டி வருகிறது. அதற்குமேல் பக்கம் அமைக்கும் நிரல் வந்து படுத்து அதை மறைத்துவிடுகிறது. அடியில் அது 'சரி' என்ற ஒரு சொல்லுக்காகக் காத்துக்கிடக்க, மேலே தமிழில்லாத தமிழ் ஓடுகிறது.

"ஆளே வர்ல சார். நாம வணக்கம் சொல்லிட்டுப் போய்க்கினே இருந்துட்டோம்" என்றான் ரஃபி.

ஆனால் தியாகராய நகரில் வந்தது இங்கே ஏன் வரவில்லை? இந்தப் பொறி ஏன் இவ்வளவு மந்தம்? குனிந்து மேசைக்கடியில் பார்த்தவன், "மாமி! டர்போவ யாரு ஆஃப் பண்ணது?" என்று அலறினான்.

இளைய வாசகர் அறியார்: அக்காலப் பெட்டிகளின் முகப்பில் டர்போ என்றொரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பொறி தன் முழு வேகத்தில் ஓடும்; விடுவித்தால் நிதானமாகும்.

"நான்தான்" என்றார் அம்மையார், கொஞ்சமும் அசராமல். "அது போட்டா கரண்டு ஜாஸ்தி இழுக்குமாம். மாடியாத்து மாமா சொன்னார். அவர் மின்வாரியத்துல இருந்து ரிடையர் ஆனவராக்கும்."

ரஃபி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பொத்தானை அழுத்தினான். எல்லாம் வந்தன, வரிசையாக, அடக்கமாக. நாங்கள் குளக்கரையில் காப்பி குடித்துவிட்டு வெற்றியாளர்களாகத் திரும்பினோம். மறுநாள் மீண்டும் தொலைபேசி. டர்போ போட்டால் ஜாதக நிரலில் பக்கம் நிற்பதில்லையாம்; மழைத்தண்ணீர்போல் ஓடிவிடுகிறதாம். அது பழைய நிரல். மந்தமான பொறிகளுக்காகவே எழுதப்பட்டது. ஆகவே ஜாதகத்துக்கு அணைத்திருக்கிறார். கல்யாணத்துக்கு மறுபடி போட மறந்திருக்கிறார். குனியவும் அவரால் முடியாது. கைத்தடியின் முனையால்தான் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். மின்கட்டணத்தைச் சொல்லிச் சிரிக்கலாம். இதைச் சொல்லி எப்படிச் சிரிப்பது?

ஐந்து நொடி காத்திரு, பத்து நொடி காத்திரு என்றெல்லாம் ரஃபி எழுதிப் பார்த்தான். ஒரு நாள் போதும், மறுநாள் போதாது. கடைசியில் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து, அறைக்குள் நடக்கத் தொடங்கினான். "நேரத்த எண்ணக் கூடாது சார். வந்துச்சா, வந்துச்சானு பாக்கணும்."

அப்படித்தான் விளக்கக் கோப்பில் ஐந்தாம் வரி பிறந்தது: அந்நிரல் வந்து நிற்கும்போது அதன் சாளரத்தின் நெற்றியில் என்ன பெயர் எழுதியிருக்கும் என்பது. அப்பெயருடைய சாளரம் வந்ததா என்று எங்கள் நிரல் கேட்கும். வந்தபின்பே அடுத்த வேலைக்குப் போகும். ஓட்டிப் பார்க்கவும் பொழுதின்றி, வியாழக்கிழமை காலை அதை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் போனோம். மறுநாள் அண்ணன் வருகிறார்.

அம்மையார் கல்யாணத்தைத் தட்டினார். 'வந்துகொண்டிருக்கிறது' என்றது திரை. அவ்வளவுதான். அதன்பின் ஒன்றும் நிகழவில்லை. சுட்டி அசையவில்லை. எந்த விசைக்கும் மறுமொழி இல்லை. ரஃபி பொறியை அணைத்துப் போட்டான், அதேதான். மீண்டும் அணைத்துப் போட்டான். அவன் கால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. நான் சன்னலுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டிருந்தேன். செய்வதற்கு ஒன்றுமில்லாத தமிழாசிரியன் வேறென்ன செய்வான்?

அப்போது கூடத்தில் தொலைபேசி மணி அடித்தது. அம்மையார் பென்சில்களை வைத்துவிட்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, மெல்ல நடந்துபோய் எடுத்தார். "இன்னும் இல்லை அண்ணா... சரியாயிடும்..." திரும்பி வந்து உட்கார்ந்து பென்சிலைச் செருகிக்கொள்வதற்குள் மறுபடியும் மணி. மறுபடி எழுந்தார். வந்து உட்கார்ந்ததும் மூன்றாம் முறை. இம்முறை குரல் உயர்ந்தது.

"ஆச்சா ஆச்சான்னு கேட்டுண்டே இருந்தா எப்படி ஆகும்? போனை எடுக்கவே எனக்குப் பொழுது சரியாயிருக்கு. நீ வை. வெச்சாத்தானே நான் போய் உட்காருவேன்!"

ரஃபி நெற்றியில் அறைந்துகொண்டான்.

"சார், நாமளும் அதான் சார் பண்ணிக்கினு கீறோம்! வந்துட்டியா வந்துட்டியானு நிறுத்தாம போன் போட்டா அது எப்டி சார் எழுந்து வரும்?"

பின்னர் அவன் எங்களுக்கு விளக்கினான். அந்நாளைய பொறி ஒரு நேரத்தில் ஒரு நிரலின் பேச்சையே கேட்கும். பேசுகிறவர் தாமாக நிறுத்தினால்தான் அடுத்தவருக்கு இடம். எங்கள் நிரல் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டேயிருந்தது. அழைக்கப்பட்ட நிரலோ எழுந்து வர இடமின்றி வாசலுக்கு அப்பால் நின்றது. ரஃபி ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தான். ஒவ்வொரு முறை கேட்ட பிறகும் சற்று விலகி நிற்கச் சொல்லும் சொல் அது. தட்டினோம். முதலில் விசைப்பலகை வந்தது, வரவேற்புப் பெட்டி மின்னி மறைந்தது, பக்கம் விரிந்தது. டர்போவை அணைத்துப் பார்த்தோம். வெகுநேரம் ஆயிற்று, ஆனால் வந்தது, வரிசை மாறாமல்.

"கேட்டுட்டு விலகி நிக்கணும்னு எங்கண்ணாகிட்டயும் சொல்லேன்" என்றார் அம்மையார்.

வெள்ளிக்கிழமை முதலாளியிடம் பொய்க்காரணம் ஒன்று சொல்லிவிட்டு நாங்களும் போனோம். சந்தின் வாயிலைத் தண்ணீர் லாரி அடைத்துக்கொண்டு நின்றது. குடங்களின் வரிசையைத் தாண்டி, பக்கவாட்டாக நடந்து உள்ளே நுழைந்தோம். அண்ணன் முன்பே வந்திருந்தார். உயரமான மனிதர், பம்பாயில் ஏதோ பெரிய உத்தியோகம். உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். லாரிக்குப் பின்னால் அவருடைய டாக்ஸி ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது.

"ஜயா, சீக்கிரம் காட்டு. டாக்ஸி நிக்கறது."

அம்மையார் அழிப்பான் முனையால் ஒருமுறை தட்டினார். கட்டம் மங்கியது. டர்போ அணைந்திருப்பதை நான் அப்போதுதான் கவனித்தேன். ரஃபியும் கவனித்துவிட்டான். அவன் குனியப் போக, அம்மையார் திரும்பாமலே, "தொடாதே" என்றார்.

காத்திருந்தோம். அண்ணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரையின் அருகே குனிந்து பார்த்தார். விரலால் அதன் கண்ணாடியைத் தட்டினார்.

"என்ன, நின்னுபோச்சா?"

"வந்துண்டிருக்கு."

"இன்னொரு தரம் அமுக்கேன்."

"வந்துண்டிருக்கு, அண்ணா."

அவர் கை விசைப்பலகையை நோக்கி நீண்டது.

"கையை எடு" என்றார் தங்கை. அக்குரலை அவர் வேறெப்போதும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. அண்ணனும் கேட்டிருக்க மாட்டார்போலும், எடுத்துவிட்டார். பிறகு நாற்காலி ஒன்றை இழுத்து, முதன்முறையாக உட்கார்ந்தார்.

பெட்டி மின்னிற்று. மறைந்தது. பக்கம் விரிந்தது. அம்மையார் இரு பென்சில்களாலும் ஒரு மணமகன் பெயரை, ஒவ்வோர் எழுத்தாக, தமிழில் தட்டினார். அண்ணன் திரையைப் பார்க்கவில்லை, பென்சில்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பத்திரிகைக்கு எவ்வளவு நாழி ஆறது?"

"ஒரு மத்தியானம்."

"அங்கே வந்தா இந்தச் சிரமம் வேண்டாமே, ஜயா."

"அங்கே வந்தா எனக்கு மத்தியானம் எதுக்கு?"

அண்ணன் சட்டைப்பையிலிருந்து இரண்டு பயணச்சீட்டுகளை எடுத்து, ஒன்றைப் பிரித்துப் பார்த்தார்.

"இதை என்ன பண்றது?"

"சென்ட்ரல்ல குடுத்து கேன்சல் பண்ணு. டாக்ஸிதான் நிக்கறதே."

ரஃபி சட்டென்று வெளியே போய்விட்டான். தண்ணீர் லாரியை நகர்த்தச் சொல்லி அவன் போடும் கூச்சல் உள்ளே கேட்டது. அண்ணன் எழுந்து, தங்கையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். தங்கையின் சீட்டை மட்டும் கையில் தனியே பிடித்திருந்தார்.

அதன்பின் பல ஆண்டுகள் அம்மையார் அச்சந்திலேயே வேலை செய்தார். தொண்ணூறுகள் முடிவதற்குள் பொறியை இயக்கும் புதிய முறைமை வந்தது. அதில் நிரல்கள் குடியிருக்கும் அடைவின் பெயர் இரண்டு சொற்களாக இருந்தது. அலுவலகத்தில் போட்டுப் பார்த்தேன்; நடுவிலிருந்த இடைவெளியில் எங்கள் வாயில் தடுக்கி விழுந்தது. ரஃபி அப்போது வளைகுடா நாடொன்றுக்குப் போயிருந்தான். 'பழைய டப்பாவே போதும், புலவரே' என்று அவர் கடைசிவரை எதையும் மாற்றவில்லை. நோய் முற்றிப் பென்சில் நிற்காமற்போன நாளில், தாமாகவே துணியுறையைப் போட்டு மூடினார்.

இன்று அந்தச் சந்தில் அடுக்ககம் நிற்கிறது. துணிக்கடை மாடியில் நகைக்கடன் கொடுக்கிறார்கள். டர்போப் பொத்தான் போய்விட்டது. பொறியின் வேகத்தைத் தம் வசதிக்கேற்பக் குறைத்துக்கொள்ளும் உரிமையும் அதனோடு போயிற்று. இன்று தொட்ட நொடியில் நிரல்கள் வருகின்றன. சில, தொடாமலே வந்து நிற்கின்றன. 'கல்யாணம்' என்றும் 'பூணூல்' என்றும் ஒருவர் தம் திரைக்குத் தாமே பெயர் சொன்ன காலம் போய்விட்டது. இப்போது நிரல் செய்பவர்கள் வைத்த பெயரை நாம் மனப்பாடம் செய்கிறோம். தட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, வரும் என்ற உறுதியோடு நான்கு பேர் ஒரு திரையைப் பார்த்திருக்கும் அந்த இடைவேளையை எந்த வீட்டிலும் நான் இப்போது காண்பதில்லை.

நினைவிலிருந்து எழுதியதால் இதில் பிழைகள் இருக்கும். தமிழ் விசைப்பலகைக்கு முன்பே எழுத்துருவையும் அழைக்க வேண்டியிருந்ததோ என்று ஓர் ஐயம் உண்டு. ஐந்தாம் வரி பிறந்தது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்றும் உறுதியில்லை. அந்நாளில் இத்தொழிலில் இருந்தவர்கள் தவறு கண்டால் தயங்காமல் எழுதுக. ரஃபி, நீ இதைப் படிக்க நேர்ந்தால், கேட்டுவிட்டு விலகி நிற்பதற்கு நீ சேர்த்த அந்த ஒற்றைச் சொல் எது என்று மட்டும் தெரிவி. அதை நான் மறந்துவிட்டேன்.